வாட்டம் தப்பினால் குளிர் போச்சு! மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜுக்கு 22 குறிப்புகள்

பிரிட்டனில் கோடை விடுமுறை வந்துவிட்டால் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்து, வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட் என்று கிளம்புபவர்கள் ஏராளம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டியோடு வந்துவிடும். வீட்டில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் உழைக்கும் ஃபிரிட்ஜ் மட்டும் இங்கே முரண்டு பிடிக்கும். இரவெல்லாம் ஓடியிருக்கும், காலையில் பார்த்தால் பால் திரிந்திருக்கும். ஃபிரிட்ஜைத் திட்டுவதற்கு முன் வண்டி நிற்கும் தரையைக் கொஞ்சம் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

1. எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இருப்பதுபோல் கம்ப்ரசர் வைத்தது ஒரு வகை. கம்ப்ரசரே இல்லாமல், சூட்டைக் கொண்டு குளிரூட்டும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் இன்னொரு வகை. பேனலில் தீச்சுடர் படம் இருக்கிறதா, வண்டியின் வெளிச்சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கிரில் இருக்கின்றனவா, ஓடும்போது சத்தமே இல்லையா? அப்படியானால் அது அப்சார்ப்ஷன். அவ்வப்போது இரைந்து அடங்கினால் கம்ப்ரசர். கம்ப்ரசர் வகை சுமார் 30 டிகிரி சாய்வைக்கூடத் தாங்கும். அந்தச் சாய்வில் ஃபிரிட்ஜ் ஓடும், நீங்கள்தான் கட்டிலில் படுக்க முடியாது. கீழே வரும் குறிப்புகள் பெரும்பாலும் அப்சார்ப்ஷன் வகைக்கே.

2. சாய்வு ஏன் ஆகாது? இந்த ஃபிரிட்ஜில் பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய அமைப்பு இது. 1925 முதல் எலக்ட்ரோலக்ஸ் இதைத் தயாரித்தது. பின்புறக் குழாய்களுக்குள் தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கும். கீழேயுள்ள பாய்லர் சூடானால் அம்மோனியா ஆவியாகி மேலே போய், ஆறித் திரவமாகும். ஃப்ரீசருக்குப் பின்னால் ஹைட்ரஜனோடு கலந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து பாய்லருக்கே திரும்ப வேண்டும். இறக்கிவிட ஆளில்லை, தானாக வழிந்துதான் வர வேண்டும். மொட்டைமாடித் தளத்துக்கு வாட்டம் பார்ப்பதுபோல அந்தக் குழாய்களுக்கும் லேசான வாட்டம் வைத்திருக்கிறார்கள். வண்டி சாய்ந்தால் வாட்டம் தப்பும், திரவம் நடுவழியில் தேங்கும்.

3. குளிராமல் போவது சின்ன நஷ்டம்தான். பெரிய நஷ்டம் பின்னால் வருகிறது. திரவம் வந்து சேராத பாய்லரைத் தீ விடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். குழாய் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே சோடியம் குரோமேட் சேர்த்திருப்பார்கள். சூடு எல்லை மீறினால் அது படிந்து இறுகி, மெல்லிய குழாயை அடைத்துவிடும். அந்த அடைப்பை யாராலும் எடுக்க முடியாது. இது ஒரே இரவில் நடப்பதில்லை. சாய்ந்து நின்ற ஒவ்வொரு இரவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துவைக்கும். குளிரூட்டும் பகுதியை மாற்றப் போனால் செலவு புது ஃபிரிட்ஜ் விலையை நெருங்கும். ‘நேற்றும் இப்படித்தான் நின்றது, ஒன்றும் ஆகவில்லையே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

4. கரண்டில் போட்டாலும் அதே கதைதான். ‘கேஸில்தான் மட்டம் பார்க்க வேண்டும், கரண்டில் ஓடினால் பரவாயில்லை’ என்று நினைப்பவர்கள் உண்டு. கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் ஒரே பாய்லரைத்தான் சூடாக்குகின்றன. சாய்வு மூன்றுக்கும் பொது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கவலையில்லை. ஏற்றம், இறக்கம், வளைவு, குலுக்கல் எல்லாம் சேர்ந்து திரவத்தை ஓரிடத்தில் தேங்க விடாது.

5. 3, 6 என்ற எண்களை நினைவில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்று பார்க்கும்போது இடம்வலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றுக்கும் சொல்லப்படும் உச்ச அளவு இது. பழைய மாடல்கள் இவ்வளவும் பொறுக்காது, ஏறக்குறைய நேர்மட்டம் கேட்கும். உங்கள் ஃபிரிட்ஜின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு.

6. ஃபிரிட்ஜின் இடம்வலம் வேறு, வண்டியின் இடம்வலம் வேறு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். காற்றுக் கிரில் வண்டியின் பக்கச்சுவரில் இருந்தால், ஃபிரிட்ஜின் முதுகு அந்தச் சுவரில் இருக்கிறது, கதவு நடைவழியைப் பார்க்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் வண்டி முன்பக்கமோ பின்பக்கமோ இறங்கி நிற்பது ஃபிரிட்ஜுக்கு இடம்வலச் சாய்வு. அங்கே கிடைப்பது 3 டிகிரிதான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதுதான் 6 டிகிரி வரை பொறுக்கும் திசை.

7. ரசமட்டத்தை ஃப்ரீசருக்குள் வையுங்கள். சாப்பாட்டு மேசையிலோ தரையிலோ வைத்துப் பார்த்தால் அது மேசையின் மட்டம், தரையின் மட்டம். குளிரூட்டும் குழாய் ஃப்ரீசரை ஒட்டியே போவதால், ஃப்ரீசரின் அடித்தளம்தான் நம்பத்தக்க இடம். ஐஸ் படிந்திருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். இடம்வலமாக ஒரு முறை, முன்பின்னாக ஒரு முறை.

8. டிகிரியைச் செ.மீ. கணக்கில் பிடியுங்கள். ரசமட்டத்தின் நீளம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த முனையை, குமிழி நடுவுக்கு வரும்வரை மெல்லத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்றரை செ.மீ. என்றால் சாய்வு 3 டிகிரி, 3 செ.மீ.யைத் தாண்டினால் 6 டிகிரி. ரசமட்டம் 15 செ.மீ.தான் என்றால் இந்த அளவுகளில் பாதி. சுண்டுவிரலைக் கொடுத்துப் பார்த்தால்கூடத் தோராயமாகத் தெரிந்துவிடும்.

9. செல்போனை மல்லாக்கப் படுக்கவைத்து மட்டம் பார்க்காதீர்கள். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா ஒரு மூலையைத் தூக்கிவிடும்; சமதரையும் சரிவாகத் தெரியும். போனை நீளவாட்டில் விளிம்பின்மேல் நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டுப் பட்டன் அடியில் மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின் போனைச் சுற்றித் திருப்பி அதே இடத்தில் இன்னொரு முறை நிறுத்துங்கள். இரண்டு முறையும் ஒரே அளவு காட்டினால் நம்பலாம்.

10. கருவி கையில் இல்லையா? அடுப்படி சொல்லும். தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் ஒரே பக்கமாக ஓடி ஒதுங்குகிறது, நடைவழியில் நடந்தால் ஏற்றம் ஏறுவதுபோல் இருக்கிறது, குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்றால் ஃபிரிட்ஜும் அவஸ்தைப்படுகிறது. இது அவசரத்துக்குத்தான். இரவு தங்கப்போகிற இடத்தில் ரசமட்டத்தை எடுத்துவிடுங்கள்.

11. சரிவில் வண்டியைக் குறுக்காக நிறுத்துங்கள். ராம்ப் என்று கடையில் விற்கும் ஏற்றப் பலகையில் சக்கரத்தைப் பொதுவாக 10 செ.மீ. அளவுக்குத் தூக்கலாம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே குறுக்கு அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அங்கே 10 செ.மீ. தூக்கினால் 3 டிகிரிக்குச் சற்றுமேல் சரியாகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளியோ சுமார் 4 மீட்டர். அதே 10 செ.மீ. அங்கே ஒன்றரை டிகிரியைக்கூடச் சரிசெய்யாது. கிரில் பக்கச்சுவரில் இருந்தால், ஃபிரிட்ஜ் அதிகம் பொறுப்பதும் வண்டியின் பக்கவாட்டுச் சாய்வைத்தான். ஆக, திறந்த இடத்தில் சரிவு வண்டிக்குக் குறுக்கே வரும்படி நிறுத்தி, தாழ்ந்த பக்கத்துக்கு ராம்ப் போடுவதே லாபம். வண்டியின் மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்புவதால் மட்டும் ஒன்றும் மாறாது. மேடு பள்ளம் இடம் மாறும், சாய்வு அப்படியே இருக்கும்.

12. சாமான் இறக்குவதற்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும், 800 கி.மீ.க்கு மேல் நீளும் ஸ்காட்லாந்தின் வடகரைச் சுற்றுச்சாலை போன்ற வழிகளில், சாலையோர ஒதுக்கிடங்கள் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு மீட்டர் முன்னே, ஒரு மீட்டர் பின்னே போனாலே வித்தியாசம் தெரியும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளே ரசமட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஊர்வது போன்ற வேகத்தில் மட்டும்.

13. ராம்பில் ஏற்றும் முறை. தாழ்ந்த சக்கரங்களுக்கு முன்னால் ராம்பை ஒட்டிவைத்து, முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள். டயரின் முழு அகலமும் ராம்பின்மேல் இருக்க வேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் டயருக்குக் கேடு. புல்தரையிலும் சேற்றிலும் ராம்ப் அமிழ்ந்துபோகும். அடியில் கனமான பிளைவுட் துண்டு ஒன்று போடுங்கள். மேலே நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ராம்ப் போடும்போதும் எடுக்கும்போதும் குழந்தைகள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

14. மூலைக் கால்கள் தூக்குவதற்கு அல்ல. வண்டியின் பின்மூலைகளில் இறக்கிவிடும் இரும்புக் கால்கள், உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் இருக்கத்தான். அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் கால் வளையும், அடிச்சட்டமும் முறுக்கிக்கொள்ளும். முதலில் ராம்பால் மட்டம், அப்புறம் கால் இறக்கம். டயர் மாற்றும் ஜாக்கியில் நிறுத்திவைத்து உள்ளே தூங்குவது ஆபத்து.

15. படுக்கப் போகும்முன் இன்னொரு பார்வை. மதியம் சரியாக இருந்த மட்டம் இரவில் மாறியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், மழையில் ஒரு சக்கரம் அமிழ்ந்திருக்கும், எல்லாரும் ஒரே பக்கத்துக் கட்டிலில் ஏறியிருப்பார்கள். எல்லாரும் படுத்த பிறகு குமிழி எங்கே இருக்கிறதோ, அந்த மட்டத்தில்தான் ஃபிரிட்ஜ் எட்டு மணி நேரம் ஓடப்போகிறது.

16. சொந்த வாசலை மறந்துவிடாதீர்கள். பயணத்துக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் நிறுத்தி, வீட்டுக் கரண்டைக் கொடுத்து ஃபிரிட்ஜைக் குளிரவைப்பது நல்ல பழக்கம். உள்ளே சூடு முழுதாக இறங்க ஓர் இரவு பிடிக்கும். ஆனால் பல வீட்டு வாசல்கள் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். பயணத்தில் எங்குமே கொடுக்காத சாய்வை வீட்டிலேயே 12 மணி நேரம் கொடுத்துவிடுவோம். ராம்பை வாசலில் இருந்தே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

17. மட்டமே கிடைக்காவிட்டால் அணைத்துவிடுங்கள். டீக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ஃபிரிட்ஜ் ஓட வேண்டிய அவசியமே இல்லை. கதவைத் திறக்காமலிருந்தால் வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜ் சின்னது என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே கணக்கிடுங்கள். ராத்திரி முழுக்கச் சரிவில்தான் என்றால், ஐஸ் கட்டி போட்ட ஐஸ் பெட்டிக்கு மீனையும் இறைச்சியையும் மாற்றிவிட்டு ஃபிரிட்ஜுக்கு ஓய்வு கொடுங்கள்.

18. கேஸ் எது என்று பாருங்கள். மட்டம் சரி, ஆனாலும் குளிரவில்லை என்றால் சிலிண்டரைப் பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் ஆவியாகாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பிரிட்டனில் காலர் நிறுவனத்தின் நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரோப்பேன். இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் சிவப்பே மேல். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திச் சோதித்துவிட்டு ஃபிரிட்ஜைக் கேஸில் போடுங்கள். பெட்ரோல் பங்க்கில் நுழைவதற்கு முன்பும் கப்பலில் வண்டியை ஏற்றும்போதும் கேஸை மூடிவிடுங்கள்.

19. நின்ற வண்டியில் 12 வோல்ட் வேண்டாம். இந்த நிலையில் ஃபிரிட்ஜ் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ஓடாதபோது விட்டுவைத்தால் 100 ஆம்பியர் மணி பேட்டரி பொழுது விடிவதற்குள் காலியாகும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் நின்றதும் தானே துண்டித்துவிடும் ஏற்பாடு உண்டு. உங்கள் வண்டியில் உண்டா என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேளுங்கள். 12 வோல்ட் ஏற்கெனவே இருக்கும் குளிரைக் காப்பாற்றத்தான் உதவும். சூடான ஃபிரிட்ஜை அதில் குளிரவைக்க முயல வேண்டாம்.

20. கிரில் இருக்கும் பக்கத்தை நிழலுக்குத் திருப்புங்கள். பின்புறச் சூடு வெளியேறினால்தான் உள்ளே குளிரும். பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குப் பக்கம் ஃபிரிட்ஜ் சுவர் இருக்க வேண்டாம். கிரில்மேல் துண்டு காயப்போடுவது, நாற்காலியைச் சாய்த்துவைப்பது எல்லாம் கூடாது. கிரிலுக்கான குளிர்கால மூடியை, வெளியே சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் மாட்டுங்கள். உள்ளேயும் காற்று சுற்ற வேண்டும். தட்டுகளில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். சின்னத் தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்தால் உண்மையான அளவு தெரியும். 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இட்லி மாவு கொண்டுபோனால் டப்பாவில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தால், இரவில் குளிர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அன்று பாலையும் மீனையும் நம்பாதீர்கள்.

21. அம்மோனியா நெடி வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி, அல்லது பின்புறக் குழாய்களில் மஞ்சள் நிறப் பொடி தெரிந்தால் உள்ளே கசிகிறது. உடனே ஃபிரிட்ஜை அணைத்து, கேஸை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லாரும் கீழே இறங்குங்கள். கசியும் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் தீப்பிடிக்கக் கூடியவை. அந்தப் பொடியும் நஞ்சு, கையால் தொடாதீர்கள். நெடியில்லாமல் குளிர் மட்டும் குறைந்திருந்தால், சில மணி நேரம் அணைத்துவைத்து, வண்டியை மட்டமாக்கி, மறுபடி போட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், சோடியம் குரோமேட் இறுகிய குழாயை அது திறக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

22. வாங்குவதென்றால் தங்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரண்ட் வசதியுள்ள, சமதளக் கேம்ப் சைட்டில்தான் பெரும்பாலும் தங்குவீர்கள், அல்லது கரண்டே இல்லாத சமதரையில் நாள்கணக்கில் இருப்பீர்கள் என்றால் அப்சார்ப்ஷன் போதும். ஒரு சிலிண்டரில் பல நாள் சத்தமில்லாமல் ஓடும். மலைச்சாலை, கடற்கரைச் சரிவு என்று இரவுக்கு ஓரிடம் மாறுபவர்களுக்குக் கம்ப்ரசர்தான் நிம்மதி. அது பேட்டரியில் நாளொன்றுக்குப் பொதுவாக 30 முதல் 50 ஆம்பியர் மணி எடுக்கும். கூரையில் சோலார் தகடும் அதற்கேற்ற பேட்டரியும் இல்லாமல் அதை வாங்காதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள், விற்பவரிடம் ஃபிரிட்ஜை முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து ஃப்ரீசர் சுவரைத் தொட்டுப் பார்த்து, ரசமட்டத்தையும் உள்ளே வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.